ஒரே மாத்திரை, இரண்டு உடம்பு

மாமா,

இன்று காலை வாசலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெயில் பட்டதும் நகங்களெல்லாம் சிவப்பாக மினுங்கின. ஒரு காலத்தில் இவை கருத்துக் கிடந்ததை முதலில் கவனித்தவர் நீங்கள்தான். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

புருஷன் பெண்டாட்டி நம் இருவருக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும், மலைக்குக் கீழே உள்ள சிகிச்சை மையத்தில் ஒன்றாக மருந்து தொடங்கினோம். ஒரே மாத்திரை. நீங்கள் தேறிச் சாமை அறுக்கப் போனீர்கள். எனக்கோ ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் மூச்சு வாங்கியது. பாதி வழியில் குடத்தை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உங்களிடம், "நோவு முத்திப்போச்சுடா. இனிமே மாத்திரை இன்னாத்துக்கு?" என்று அழுதார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நிறுத்திவிடப் போகிறேன் என்றேன்.

நீங்கள் கத்தவில்லை. என் விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தீர்கள். "நகம் இன்னா இப்படிக் கருத்துக் கெடக்குது? எனக்கு இல்லியே. நாமளா நிறுத்த வேணாம். டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம், கெளம்பு."

ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறினோம். மலைப்பாதை முழுக்க என் தலை உங்கள் தோளில் கிடந்தது. இறங்கியதும் கால் நிற்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று எப்போதும் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டே அந்த மையத்துக்குள் நுழைகிறவர் நீங்கள். அன்று துண்டு எங்கே விழுந்ததென்றே தெரியவில்லை.

டாக்டரம்மா ரத்தம் பரிசோதித்தார். "நோய் முத்தலைங்க. அந்த மாத்திரையில இருக்கிற ஒரு மருந்து இவங்களுக்கு ரத்தத்தைக் குறைச்சிருக்கு. நகம் கருத்ததும் அதாலதான். சிலருக்கு இப்படி ஆகும். வேற மருந்து இருக்கு."

"நானும் அதையேதானம்மா போட்றேன்?"

"மாத்திரை ஒண்ணுதான். உடம்பு ரெண்டாச்சே."

நீங்கள் சுவரில் சாய்ந்து அழுதீர்கள். நான் பிழைத்துவிடுவேன் என்று தெரிந்த அழுகை அது.

ரத்தம் ஏற்றினார்கள், மருந்தை மாற்றினார்கள். மெல்ல மெல்லத் தேறினேன். ஒருநாள் குடத்தை எங்கும் இறக்காமல் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்றிருந்த நீங்கள், "இன்னொரு கொடம் கொண்டாயேன்" என்று சிரித்தீர்கள்.

பிறகு எத்தனை வருஷம் வாழ்ந்தோம்! மகள் பிறந்தாள். அவளுக்கு நோய் இல்லை என்று முடிவு வந்த அன்று, காரணம் சொல்லாமல் தெருவுக்கே பலாச்சுளை கொடுத்தீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனதும் நோய் இல்லை. புளி உலுக்க ஏறிய மரத்தில் கிளை முறிந்தது. அதை இன்னும் என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

இப்போது அதே மையத்தில், புதிதாக மருந்து தொடங்குகிறவர்களோடு பேசுவதுதான் என் வேலை. மருந்துகளும் மாறிவிட்டன, முன்போல அவ்வளவு படுத்துவதில்லை. ஆனாலும் ஒருவருக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். "உடம்பு இன்னா சொல்லுதுன்னு மறைக்காம சொல்லுங்க" என்றுதான் எல்லாரிடமும் தொடங்குகிறேன். மருந்தை நாமாக விடாமல், தொல்லையையும் நாமாகப் பொறுத்துக்கொள்ளாமல், போய்க் கேட்டுவிடுகிற உங்கள் பிடிவாதம் என்னிடம் தங்கிவிட்டது.

போன வாரம் ஆலங்காயத்துப் பெண்ணொருத்தி வந்தாள். "மாத்திரை போட்டதுலேர்ந்து தூக்கமே வர்லக்கா. வுட்டுடட்டா?" என்றாள். டாக்டரிடம் கூட்டிப் போனேன். ராத்திரி போடுவதைக் காலையில் போடச் சொன்னார். நேற்று விடிந்ததும் விசாரிக்கப் போன் செய்தேன். அவள் புருஷன் எடுத்தான்.

"இன்னும் தூங்குதுக்கா. எழுப்பட்டா?"

"வேணாம்ப்பா, தூங்கட்டும்" என்றேன்.