வெயிலில் பார்க்காத சேலை

ஞாயிறு, ஒக்டோபர் 12

இல்லை, யாரும் ஏமாற்றவில்லை. வெட்கத்துக்குப் பயந்து பார்க்காமல் வாங்கினோம்.

கிளிநொச்சிக் கடையில் தீபாவளி மலிவு விற்பனை. நாளை ஒட்டுசுட்டான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக எனக்கு முதல் நாள். அதற்காக அம்மாவும் நானும் ஒரு நீலச் சேலை எடுத்தோம். அதை வாசல் வெயிலில் விரித்துப் பார்க்கப் போனேன். விற்கிற பெண் மறித்தாள்.

"மலிவுச் சாமான் வெளியில கொண்டுபோகேலாது, அக்கா."

"அப்ப இது வெயிலுக்கு நிக்காத சீலையோ?"

"நீங்கள் ரீச்சரோ? கனக்கக் கேள்வி கேக்கிறியள்."

கடையே சிரித்தது.

"சனம் பாக்குது, வாயை மூடு," என்று அம்மா காசை நீட்டினார்.

வீட்டு முற்றத்தில் விரித்தோம். மடிப்பு நெடுகிலும் நீலம் வெளுத்திருந்தது. மலிவில் எடுத்ததை மாற்றித் தரமாட்டார்கள்.

"கொய்யக மடிப்புக்குள்ள விட்டு உடுத்தால் மறையும், பிள்ளை. ஆர் பாக்கப் போகினம்?"

அந்தச் சிரிப்பைவிட அம்மாவின் இந்த யோசனைதான் எரிகிறது. நாளை வகுப்பில் பிள்ளைகளிடம் பயப்படாமல் கேள்வி கேளுங்கள் என்று சொல்ல வேண்டியவள் நான். இன்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

காலை பஸ் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். வெளுத்த கோடு தோளில் தெரியும்படி சேலைத் தலைப்பை மடித்து, ஊசி குத்தி வைத்தேன்.