பாக்க மாட்டேன்

மார்ச் 2, திங்கள்

புதிய மேலாளர் வந்தாயிற்று. என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்த நாற்காலி எனக்கு வந்திருக்க வேண்டும் என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதிவிட்டேன். சரி, போகட்டும்.

பழையவர் விடைபெறும்போது என் கையையும் பிடித்துக் குலுக்கினார். “உங்க சக்கர விஷயம் என் மனசுலயே இருக்கு சார். பாக்கலாம்” என்றார். வேலையை விட்டே போகிற மனிதர்! ஒரு காலைக் காருக்குள் வைத்துக்கொண்டு!

நாங்கள் செய்வது சூட்கேஸ். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பும் பெட்டிகளைச் சரிசெய்வது என் பிரிவு; கட்டடத்தின் அடித்தளத்தில், குழல் விளக்கின் கீழே. வருகிறவற்றில் பாதிக்குமேல் ஒரே குறை. சக்கரத்தைப் பெட்டியோடு பிணைக்கும் ரிவெட் ஆணி, மெல்லிய பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு பிய்ந்து வந்துவிடுகிறது. உள்பக்கம் அகலமான ஒரு வாஷர் வைத்தால் கதை முடிந்தது. ஒன்பது வருடமாகச் சொல்கிறேன். ஒன்பது வருடமாகப் “பாக்கலாம்”.

அவர் உண்மையிலேயே பார்த்தது வாசலில் இருக்கும் பூந்தொட்டிகளை மட்டுமே. காரை விட்டு இறங்கியதும் அவைதான் கண்ணில் படும். தினமும் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பார். அதனால் தோட்டக்காரர் உயிரைக் கொடுத்தார். ஆக, எங்கள் தொழிற்சாலையில் உலகத் தரத்தில் இருப்பவை பூந்தொட்டிகள்.

மார்ச் 4, புதன்

முதல் கூட்டம். ஆளுக்கொரு மூட்டையாகக் குறைகளைக் கொண்டுவந்து கொட்டினோம். புது மேலாளர் மேடம் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பலகையில் மூன்றே மூன்று எழுதினார்: பெட்டியை வார்க்கும் அச்சு மெஷினில் கை மாட்டும் விபத்து. நிறம் மாறிப்போவது. சரக்கு தாமதமாகக் கிளம்புவது.

“இந்த மூணையும் நான் பாப்பேன். தினமும் பாப்பேன். மத்ததை நான் பாக்க மாட்டேன்.”

கணக்காளர் தொண்டையைச் செருமினார். “மத்ததை அப்புறமா பாக்கலாம்னு சொல்றீங்க, அப்படித்தானே மேடம்?”

“இல்ல சார். பாக்க மாட்டேன்னுதான் சொல்றேன்.”

சக்கரம் அந்த மூன்றில் இல்லை.

மார்ச் 5, வியாழன்

பாக்க மாட்டாங்களாம்ல! மூஞ்சிக்கு நேரா! இதுக்கு அந்தப் பூந்தொட்டி ஆளே தேவலையே!

மார்ச் 8, ஞாயிறு

இவளுடைய தம்பி, என் மச்சினன், வந்திருந்தான். அவனுக்கு ஹார்டுவேர் கடை. எனக்கு வேலையில் மனசில்லை என்று அக்காக்காரி காதில் போட்டிருக்கிறாள்.

“வேலையை விட்டுட்டு நம்ம கடைக்கு வந்துருங்க மாமா. கல்லாவுல உக்காந்தா போதும். மாசக் கடைசிக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“பாக்கலாம்” என்றேன். அடுக்களையிலிருந்து இவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. என்ன சிரிப்பு?

ஆனால் யோசித்தால் மோசமில்லை. மரியாதை இல்லாத இடத்தில் எதற்குக் கிடக்க வேண்டும்? என்றாலும், சக்கரத்துக்கு ஒரு முடிவு தெரியாமல் போனால், ஒன்பது வருடமும் நான் சும்மா புலம்பினேன் என்றுதானே ஆகும்? அதுதான் உறுத்துகிறது.

மார்ச் 10, செவ்வாய்

நேரே மேடம் அறைக்குள் போய்விட்டேன். படபடப்பில் உட்காரக்கூட இல்லை.

“சக்கரத்தை நீங்க பாக்க மாட்டீங்கன்னா வேற யாரு பாப்பா?”

“நீங்கதான்.”

“எனக்கு அனுமதி?”

“யாருகிட்ட கேக்கணும்?”

“உங்ககிட்டதான்!”

“நான்தான் பாக்க மாட்டேன்னு சொல்லிட்டேனே சார்.” சிரிக்காமல்தான் சொன்னார். “அந்த மெஷின்ல மாட்டுற கையைப் பாக்க இங்க ஒரு ஆளு இல்ல. சக்கரத்தைப் பாக்க என்னைவிட நல்லா தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்கீங்க. அதுக்கு ஆகற செலவு உங்க கையெழுத்துலயே போகட்டும். என்கிட்ட வராதீங்க.”

படி இறங்கும்போதுதான் உறைத்தது. ரெண்டு பேரா? இன்னொருத்தன் யாரு? ஐயோ, அவனா?

மார்ச் 11, புதன்

அவன்தான். சக்கரம் பொருத்தும் பிரிவின் ஃபோர்மேன். ஊருக்கே அவன் பெயர் ‘சக்கரம்’. எனக்கும் அவனுக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. நான் பழைய மேலாளருக்கு எழுதிய ஒரு குறிப்பில் ‘சக்கரப் பிரிவின் அலட்சியம்’ என்று ஒரு சொல் விழுந்திருந்தது. அதற்கு அவன் கேன்டீனில் அத்தனை பேர் முன்னால், “ஐயா பெரிய படிப்பு படிச்சவரு, ஸ்க்ரூ டிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு கேட்டுச் சொல்லுங்கப்பா” என்றான். சிரித்தவர்கள் யார் யாரென்று இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவனிடம் நானாகப் போவதா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

லிஃப்ட் நின்று மூன்று நாளாகிறது. மூன்றில் அது இல்லை. யாரும் பொறுப்பெடுக்கவும் இல்லை. மூச்சிரைக்கப் படியேறினேன். ஆனால் அச்சு மெஷினுக்குக் கம்பித் தடுப்பு வந்துவிட்டது. மேடம் தினமும் காலையில் அதன் முன்னால் போய் நிற்கிறாராம். அங்கே வேலை செய்கிறவர்கள் முகமே மாறியிருக்கிறது.

வேலை பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வைத்தியம் பார்க்கிறோம், பழுது பார்க்கிறோம். எல்லாவற்றையும் கண்ணின் தலையிலேயே கட்டிய மொழி நம்முடையது. ஆனால் மனிதனுக்கு இருப்பது ஒரே ஒரு ஜோடிக் கண். அது திரும்புகிற பக்கம்தான் தொழிற்சாலையும் திரும்புகிறது.

மார்ச் 16, திங்கள்

போனேன். கையில் ஒரு வாஷரோடு. அவன் மேசையில் அதை வைத்தேன்.

அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “இதை வெச்சா ரிவெட்டு எட்டாது சார். நீளம் பத்தாது.”

“அப்ப நீளமான ரிவெட் போடு.”

“அதைத்தான் நான் ஆறு வருஷமா கேட்டுட்டிருக்கேன்!” இழுப்பறையைத் திறந்து ஒரு பிடி நீள ரிவெட்டை அள்ளி என் முன்னால் போட்டான். “சாம்பிள் வாங்கி வெச்சு துருவே பிடிச்சுப்போச்சு. ஆனா வெறும் ரிவெட்டுன்னா பிளாஸ்டிக்கு இன்னும் சீக்கிரம் கிழியுது. என்ன பண்றதுன்னு தெரியல.”

“யாரைக் கேட்டே?”

“பூந்தொட்டியைத்தான்.”

“என்ன சொன்னாரு?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: “பாக்கலாம்!”

அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர். என் பாதி ஒரு தளத்தில், அவன் பாதி இன்னொரு தளத்தில், நடுவில் பூந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர். எங்கள் இரண்டு பேர் பேச்சும் அவர் காதுக்குள் போய், அங்கேயே தூங்கியிருக்கிறது.

ஸ்க்ரூ டிரைவர் விஷயத்தை நான் மறக்கவில்லை. சிரித்துக்கொண்டே மறக்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

முற்றத்தில் சோதனை. வாஷரும் நீள ரிவெட்டும் போட்ட பெட்டியில் செங்கல்லை அடுக்கி இழுத்தோம். பிறகு படியில் தடதடவென்று இறக்கினோம். சக்கரம் அசையவில்லை. கூட்டம் கூடிவிட்டது.

“செங்கல்லு என்ன சார் செங்கல்லு” என்று ஃபோர்மேன் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். அவன் எடை லேசானதல்ல. “இழுங்க சார்! படிச்சவருக்குப் பலம் இருக்கான்னு பாப்போம்!”

இழுத்தேன். கேட் வரைக்கும் இழுத்தேன். அவன் ராஜா மாதிரி இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே வருகிறான். கணக்காளர் பின்னாலேயே விசில் அடித்துக்கொண்டு ஓடிவருகிறார். திரும்பி வரும்போது என்னை உட்காரவைத்து அவன் இழுத்தான். இந்த வயதில் இதெல்லாம் தேவையா? காற்று முகத்தில் அடித்தது. நன்றாக இருந்தது.

மாடி ஜன்னலில் மேடம் நின்றிருந்தார். என் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. உடனே திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டார். சொன்ன சொல் தவறாதவர்.

மார்ச் 29, ஞாயிறு

தம்பிக்காரனிடம் சொல்லிவிட்டேன். “கடைக்கு வரமாட்டேன் மாப்ளே.”

அவன் முகத்தில் வருத்தமே இல்லை. “அப்பாடா! அக்கா நச்சரிச்சதாலதான் மாமா கேட்டேன். நீங்க உக்காந்தா ஒரு மாசத்துல என் வாடிக்கை எல்லாத்துகூடவும் சண்டை போட்டிருப்பீங்க.”

இவள், “ஒரு மாசமா? ஒரு வாரம்” என்றாள்.

இரண்டு பேரையும் குறித்துவைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 19, புதன்

இந்த வாரம் திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றில்கூட, வாஷர் வைத்துப் பொருத்திய சக்கரம் பிய்ந்திருக்கவில்லை. வந்ததெல்லாம் பழைய சரக்கு. என் ஆட்கள் மதியத்தில் கேரம் ஆடுகிறார்கள். எதன் மேல் எரிந்துவிழுவது என்று தெரியாமல் நானும் ஒரு ஆட்டம் ஆடினேன். தோற்றேன்.

வாசல் பூந்தொட்டிகளில் பாதி காய்ந்துவிட்டது. அதைப் பார்த்து ஏன் கொஞ்சம் பாவமாக இருக்கிறது?

செப்டம்பர் 25, வெள்ளி

மேடம் முதல் தடவையாக அடித்தளத்துக்கு வந்தார். காலி அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்துக் கழுத்தை நிமிர்த்தினேன்.

“சும்மாதானே இருக்கீங்க சார்? உற்பத்தி மொத்தத்தையும் நீங்க பாத்துக்குங்க. நான் விற்பனையைப் பாக்கணும்.”

இப்படியா ஒரு மனிதனுக்குப் பதவி கொடுப்பது! வீட்டுக்கு வந்து இவளிடம் திட்டித் தீர்த்தேன். இவள் பாயசம் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 5, திங்கள்

மேல்மாடியில் முதல் நாள். ஜன்னல் உள்ள அறை. பத்து மணிக்குள் ஆளுக்கொரு மூட்டையாக வந்து கொட்டினார்கள். கைப்பிடி, பூட்டு, சாயம், மின்விசிறி, லிஃப்ட். பலகையில் மூன்று எழுதினேன். எழுதாமல் விட்டதெல்லாம் கண்முன் நின்றது.

கடைசியாக வந்தவர் ஜிப் தைக்கும் பிரிவின் மேற்பார்வையாளர். ஜிப் பல் விடுகிறதாம். ஏழு வருடமாகச் சொல்கிறாராம்.

“பாக்கலா—” என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“பாக்க மாட்டேன். நீங்களே பாருங்க. துணி வெட்டுறவரையும் கூட்டிக்குங்க.”

“அந்த ஆளோட எனக்குப் பேச்சே இல்ல சார்!”

“தெரியும்.”

கதவைப் படாரென்று சாத்திவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முற்றத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, துணி வெட்டும் கூடத்துப் பக்கம் திரும்பினார்.

எழுந்து போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.