கோபுரம் நிற்கும் பக்கம்

லண்டன்
1779 ஆகஸ்ட் 9, திங்கள்

அன்புள்ள கிடியனுக்கு,

டாமரிஸ் எழுதுவது. இங்கே நானும் குழந்தை டார்க்கஸும் உடம்புக்குச் சுகம். அங்கே உங்கள் சுகத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது. பதினோரு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று சரக்கு வண்டிக்காரர் ஹாப்டே வந்து, தொப்பிக்குள்ளிருந்து உங்கள் துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். மார்ஸ்டோ காவல் அறையில் இருக்கிறேன், பிரெஞ்சு உளவாளி என்கிறார்கள், பயப்படாதே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடைசிச் சொல் இல்லாதிருந்தால் இன்னும் கொஞ்சம் குறைவாகப் பயந்திருப்பேன்.

நான் படித்துப் படித்துச் சொன்னேன். பிரெஞ்சுக் கப்பல்கள் கரைக்குப் பக்கத்தில் சுற்றுகிற நேரத்தில் கடலோரக் கோட்டை எதற்கு, உள்ளே தள்ளி இடிந்த மடாலயம் எத்தனையோ இருக்கிறதே என்று. மார்ஸ்டோவில் போன வருடம் மடாலயத்தை வரைந்தாயிற்று, கோட்டையை விட்டால் நம் படத் தொகுப்பு மொட்டையாக நிற்கும் என்றீர்கள். இப்போது எது மொட்டையாக நிற்கிறது, பாருங்கள்.

உங்கள் குறிப்பேட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று ஹாப்டே சொன்னார். கோட்டைச் சுவரைக் காலடியால் அளந்து எழுதியிருக்கிறீர்கள், படம் முழுக்க ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் போட்டிருக்கிறீர்கள், அது மறைமொழி என்கிறார்களாம். நிழல் எங்கே எவ்வளவு கறுப்பு என்று, தகட்டில் செதுக்குகிற எனக்காகப் போட்ட எண்கள்தானே அவை! அதைச் சொல்லாமல் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று முதலில் கோபம் வந்தது. பிறகுதான் புரிந்தது. யாருக்காகப் போட்டாய் என்று அடுத்த கேள்வி வருமே.

பதிப்பாளர் குரோக்கர் இன்று காலை வந்தார். உட்காரக்கூட இல்லை. சந்தாதாரர்களுக்கு அடித்த விளம்பரத்தில், "வரைவதும் செதுக்குவதும் ஹாஸ்லாம் அவர்களின் சொந்தக் கையே" என்று பெரிய எழுத்தில் போட்டதை நினைவுபடுத்தினார். "இதோ பாருங்கம்மா, செப்புத் தகட்டுல உளி பிடிச்சது ஒரு பொம்பளைன்னு வெளியே தெரிஞ்சா, அடுத்த பகுதியை நான் அச்சுக்கே அனுப்ப மாட்டேன். வாயைத் திறக்காதீங்க" என்றார். அப்பாவின் பட்டறையில் ஏழு வயதில் உளி பிடித்தவள் நான். உங்களுக்கோ காகிதம் வசப்பட்ட அளவு செம்பு என்றுமே வசப்படவில்லை. இது நமக்குள் சிரித்துக்கொள்கிற சங்கதியாக இருந்தது. இன்று சிரிப்பு வரவில்லை.

எதிர்வீட்டு பிம் அம்மாளுக்கு அதற்குள் எப்படியோ தெரிந்துவிட்டது. பால் வாங்கப் போன இடத்தில் பத்து பேர் நடுவே, உங்க வீட்டுக்காரர் பிரெஞ்சு ராஜாவுக்கே படம் போட்டுக் குடுக்கறாராமே, சம்பளம் எப்படி என்று கேட்டாள். பாலை வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன். டார்க்கஸ் பட்டாணிக் கூழை வெறுமனே தின்றாள்.

இன்று விடிந்ததும் மார்ஸ்டோ மாஜிஸ்திரேட் திரு. விண்டலுக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதி, நமது அச்சுப் படங்களில் ஆறை எடுத்துச் சுருட்டி, பயண வண்டியில் அனுப்பினேன். என் கணவர் படக்காரர், உளவாளி அல்ல, அத்தாட்சி இதோ என்று. அவருடைய ஊர்ப் படம் என்றால் மகிழ்ந்துபோவார் என்று மார்ஸ்டோ மடாலயத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

கிடியன், வண்டி போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு நினைவே வந்தது. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படத்தில் கோபுரம் வலப்பக்கம் இருக்கிறது.

அப்போது நீங்கள் கோபித்திருந்தால் இதை மறந்திருக்க மாட்டேன். டார்க்கஸுக்கு அம்மை போட்டிருந்த வாரம் அது. உங்கள் ஓவியத்தை எண்ணெய்த் தாளில் படியெடுத்தவள், தாளைப் புரட்டிப் போடாமல் நேராகவே தகட்டில் பதித்துச் செதுக்கிவிட்டேன். தகட்டில் நேராக இருப்பது காகிதத்தில் இடம் வலமாக விழும் என்பது பட்டறைக்கு வந்த முதல் நாள் கற்கிற பாடம். முந்நூறு பிரதி அடித்த பிறகுதான் நீங்கள் பார்த்தீர்கள். "விடு டாமரிஸ், லண்டன்ல எவன் அந்தக் கோபுரத்தைப் பார்த்திருக்கான்? அங்க கூடு கட்டியிருக்கிற காக்கைங்களுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தீர்கள். அந்தக் காக்கைகளோடு ஒரு மாஜிஸ்திரேட்டும் குடியிருக்கிறாரே. அவர் வீட்டுச் சன்னல் மடாலயத்தைப் பார்த்தபடி இருக்கிறதாம், ஹாப்டே சொல்கிறார்.

இதை ஹாப்டேயின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். ஈரத் தரையில் படுக்காதீர்கள். கடவுள் உங்களையும், என்னை என் அவசரப் புத்தியிலிருந்தும் காப்பாராக.

உங்கள்
டாமரிஸ்


லண்டன்
1779 ஆகஸ்ட் 16, திங்கள்

மதிப்பிற்குரிய மாஜிஸ்திரேட் திரு. விண்டல் ஐயா அவர்களுக்கு,

படக்காரர் கிடியன் ஹாஸ்லாமின் மனைவி டாமரிஸ் ஹாஸ்லாம் வணக்கத்துடன் எழுதுவது.

தங்கள் குமாஸ்தாவின் கடிதம் கிடைத்தது. நான் அனுப்பிய படத்தைத் தாங்கள் சன்னலருகே பிடித்துப் பார்த்ததாகவும், மடாலயத்தின் கோபுரம் தங்கள் கண்ணெதிரே இடப்பக்கம் நிற்க, படத்தில் வலப்பக்கம் நிற்பதாகவும், தங்கள் ஊரைக் கண்ணாலும் காணாத ஒருவன் எவனோ போட்ட படத்தைத் தன் படம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான் என்று தாங்கள் முடிவுக்கு வந்ததாகவும் எழுதியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு விளக்கம் வராவிட்டால், சனிக்கிழமை என் கணவரை விலங்கிட்டு மாவட்டச் சிறைக்கு அனுப்புவீர்கள் என்றும் இருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை.

தவறு யாருடையது என்று தாங்கள் மூன்று முறை கேட்டும், என் கண்தான் தவறாகப் பார்த்துவிட்டது என்றே அவர் சொன்னாராம். ஐயா, அது பொய். அவர் கண் தவறாகப் பார்த்ததே இல்லை. அந்தத் தகட்டைச் செதுக்கியவள் நான். தொகுப்பில் இதுவரை வந்த இருபத்து மூன்று தகடுகளையும் செதுக்கியவள் நானே. காகிதத்தில் இருக்கும் பெயர் அவருடையது. கை என்னுடையது. இதை எழுதியதும் என் வேலை போய்விடும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

தயவுசெய்து அந்தப் படத்தை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் பிடியுங்கள். கண்ணாடிக்குள் தங்கள் மடாலயம் தெரியும். உடைந்த சன்னல், ஐவிக் கொடி ஏறிய சுவர் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். அடியில் உள்ள எழுத்துகள் மட்டும் புரண்டு தெரியும், ஏனென்றால் எழுத்தை மட்டும் வெட்டுகிற வேறொரு தொழிலாளி தம் வேலையைச் சரியாகச் செய்தார்.

குறிப்பேட்டின் எண்களையும் தாங்களே சோதிக்கலாம். மாலை நான்கு மணிக்குக் கடற்கரையில் நின்று கோட்டையைப் பாருங்கள். ஐந்து என்று போட்ட இடமெல்லாம் கன்னங்கரேல் என்றிருக்கும், ஒன்று போட்ட இடத்தில் வெயில் இருக்கும். அவை எனக்கு அவர் எழுதுகிற கடிதம் போன்றவை. "இங்கே ஆள் இரண்டு, மாடு ஒன்று" என்ற குறிப்பில் மாடு என்பது பீரங்கி என்று தங்கள் குமாஸ்தா எழுதியிருக்கிறார். ஐயா, மாடு மாடுதான். வெறும் சுவரை யாரும் வாங்குவதில்லை, முன்னால் கையை நீட்டிக் காட்டுகிற ஒரு கனவானும், கேட்கிற ஒருவரும், மேய்கிற ஒரு மாடும் வேண்டும். தொகுப்பில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதே மாடு இருக்கும்.

வெள்ளிக்கிழமை வண்டியில் தகட்டோடு நானே வருகிறேன். தாங்கள் வேண்டுமானால் தங்கள் மேசையிலேயே செதுக்கிக் காட்டுகிறேன். அதுவரை அவரை அனுப்பிவிடாதீர்கள் என்று மண்டியிட்டுக் கேட்கிறேன்.

தங்கள் பணிவுள்ள
டாமரிஸ் ஹாஸ்லாம்
செதுக்குபவள்


மார்ஸ்டோ, கோட்டை வாயில் சத்திரம்
1779 ஆகஸ்ட் 20, வெள்ளி மாலை

கிடியன்,

நான் இங்கேதான் இருக்கிறேன். தெருவைக் கடந்தால் உங்கள் காவல் அறை. பார்க்க அனுமதி இல்லை என்கிறார்கள். காவலாளியின் மனைவி நல்லவளாகத் தெரிகிறாள். உங்களுக்கு இறைச்சி அப்பம் கொண்டுவரும்போது அதனடியில் இதை வைப்பதாகச் சொன்னாள். வைப்பாளோ, பயந்து அடுப்பில் போடுவாளோ தெரியாது. டார்க்கஸை பிம் அம்மாளிடம் விட்டு வந்தேன். கேட்டதும் ஒரு வார்த்தை கிண்டல் இல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டாள், அவளைத் திட்டியதெல்லாம் வாபஸ்.

தகட்டை மாஜிஸ்திரேட்டின் மேசையில் வைத்தேன். கண்ணாடிச் சோதனையை அவர் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தார். தகட்டைக் கையில் எடுத்து, சன்னலுக்குப் போய், கோபுரத்தையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு சிறு செப்புத் துண்டைக் கொடுத்து, சன்னலில் தெரிவதைச் செதுக்கு என்றார். உளி இரண்டு முறை வழுக்கிக் கட்டைவிரலில் ஏறியது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் செதுக்கினேன். இந்த முறை கோபுரத்தை வலப்பக்கம் வெட்டினேன், காகிதத்தில் இடப்பக்கம் விழும்படி. குமாஸ்தா அதில் மையைத் தேய்த்து, ஒரு ஈரத் தாளைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். கோபுரம் தன் இடத்தில் நின்றது.

மாஜிஸ்திரேட் சிரிக்கவும் இல்லை, முகம் கோணவும் இல்லை. "நீ செதுக்கறவதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஆள் ஏன் மூணு தடவை என் முன்னாடி பொய் சொன்னான்? ஒரு விஷயத்துல பொய் சொல்றவன் இன்னொண்ணுல சொல்ல மாட்டானா?" என்று கேட்டார். என் வேலையைக் காப்பாற்றத்தான் என்றேன். என் வார்த்தை போதாதாம். நாளைக் காலை பத்து மணிக்கு உங்களை அழைத்து, யார் செதுக்கியது என்று ஒரே ஒரு முறை கேட்பாராம். பதில் என் பதிலோடு பொருந்தினால் வீட்டுக்குப் போகலாம். பொருந்தாவிட்டால் விலங்கோடு மாவட்டச் சிறைக்குப் போக வேண்டும். நான் வந்திருப்பதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று கட்டளை. அதனால்தான் இந்த இறைச்சி அப்பம்.

உங்கள் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? நான் இங்கே இருப்பது தெரியாவிட்டால், நாளைக்கும் முகத்தை நிமிர்த்திக்கொண்டு என் தவறு என்றுதான் சொல்வீர்கள். காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை, கிடியன். குரோக்கர் போகட்டும். சந்தாதாரர்கள் போகட்டும். பெயர்ப்பலகை எழுதியாவது பிழைப்போம், நான் செதுக்கத் தெரிந்தவள்.

சத்திரத்துச் சன்னலிலிருந்து கோபுரம் தெரிகிறது. காக்கைகள் அடையத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. எட்டு வருடமாக என் கோடுகளுக்கெல்லாம் கீழே உங்கள் பெயரைப் பார்த்து நான் ஒரு முறைகூட எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு, நாலு பேர் முன்னால், என் பெயரைச் சொல்லுங்கள்.

டாமரிஸ்