காய்ச்சலோடு வந்தால் கதவு திறக்காது

செவ்வாய்க்கிழமை, இரவு.

எங்கள் தையல் பட்டறைக்கு இன்று கட்டிங் மாஸ்டர் பஷீர் பாய் காய்ச்சலோடு வந்தார். "வீட்டுக்குப் போங்க பாய், சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்றேன்.

"நான் போனா துணிய யாரு வெட்டுவா?"

"செல்வியத்தான் வெட்டப் பழக்கியிருக்கோமே."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னைய அனுப்பத்தான் அவளுக்குச் சொல்லிக்குடுக்கச் சொன்னீங்களா?" என்று கேட்டுவிட்டு இருமிக்கொண்டே போனார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என்னோடு பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சிரித்தார். "வராத நோய்க்கு இம்புட்டு ஏற்பாடா? சம்பளத்தோட லீவுன்னா நாளைக்கு எல்லாருக்கும் காய்ச்சல் வரும் பாரு."

வரட்டும். கொரோனா சமயத்தில் சம்பளம் போய்விடுமென்று இங்கே தைத்துக்கொண்டிருந்த கதீஜா அக்கா காய்ச்சலை மறைத்து வந்து தைத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. அடுத்த தொற்று வரும்போது இந்தப் பட்டறையில் அது நடக்காது.

செல்வி நாலு நைட்டியைத் தப்பாக வெட்டினாள். அண்ணன் என்னைப் பார்த்தார். "நாளைக்கும் அவதாண்ணே வெட்டுவா" என்றேன்.

அந்தி சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு பாய் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். பாய் தூங்குகிறாராம்.

"எந்திரிச்சதும் சொல்லுங்க, அவர் வேலை அவருக்குத்தான். ஆனா காய்ச்சல் விடாம வந்தா கதவத் திறக்க மாட்டேன்" என்றேன்.