சரிபார்த்தவர் என்ற கட்டம்

பெஹாலா, கொல்கத்தா
செப்டம்பர் 14, ஞாயிறு

சிரஞ்சீவி அஷ்வத்துக்கு,

பேசாமல் இருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். பதினான்கு மாதம் ஆயிற்று. நடுவில் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசினோமே என்பாய். நீ காரை ஓட்டிக்கொண்டே கேட்பதும், நான் முக்கியமான இடத்துக்கு வரும்போது உங்கள் முனிக் சுரங்கப்பாதை ஒன்று என் குரலை விழுங்குவதும், அப்புறம் சரிப்பா வெச்சுடறேன் என்று நீ சொல்வதும் பேச்சில் சேராது. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். க்ஷேமம் எழுதாமல் ஆரம்பித்தால் அம்மா குறைப்படுவாள். இருக்கிறோம். எனக்கு ஆகஸ்டில் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. அவளுக்கு முழங்கால் வலி. மாடிப்படியில் நான் முன்னால் போனால் காத்திருக்கவில்லை என்கிறாள், பின்னால் போனால் அவசரப்படுத்துகிறேன் என்கிறாள். போன வாரம் மூன்று நாள் சந்து முழுக்கத் தண்ணீர், நேற்றுதான் வடிந்தது, வடிந்த ஈரத்திலேயே பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறக்கிவிட்டார்கள். கீழ்வீட்டு தத்தா காகு, பையன் பூஜோவுக்கு வருகிறானா என்று கேட்டார். நீ வரமாட்டாய் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் வருஷாவருஷம் கேட்கிறார், அதில் அவருக்கு ஒரு சுகம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஜூலையில் பத்து நாள் லீவில் வந்தாய். அதற்கு முன்பே உனக்கு எழுதியிருந்தேன், பழைய கம்ப்யூட்டர் இனித் தாங்காது, கட்டிடக் கணக்குகள் பெரிதாகிவிட்டன, சர்வர் வகைப் பிராசஸர் போட்ட ஒர்க்ஸ்டேஷன் ஒன்று வேண்டும் என்று. காரணத்தையும் எழுதியிருந்தேன்: அந்த வகையோடு, தன் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் மெமரியைப் போடலாம். டெஸ்க்டாப்பிலும் சிலது அதை ஏற்கும் என்கிறார்கள், நீ வாங்கியது ஏற்காது. வந்த மறுநாளே சாந்தினி மார்க்கெட்டுக்குப் போய், கேம் விளையாடுகிற பையன்கள் ஆசைப்படும் டெஸ்க்டாப் பிராசஸர் ஒன்றை வாங்கிவந்து ஒரே மத்தியானத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டாய். உள்ளே வண்ண விளக்கு வேறு. நான் கேட்டதற்கு, சர்வர் சிப்பெல்லாம் நூறு பேர் ஒரே நேரத்துல உபயோகிக்கறதுக்குப்பா, உங்க வேலைக்கு இதுவே ஜாஸ்தி, உங்களுக்கு இது போறும், என்றாய். அம்மா பாயசம் வைத்திருந்தாள், சாப்பிட்டோம். நீ அங்கே ஆயிரக்கணக்கான சர்வர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறாய், அவற்றில் ஒன்றிலாவது எனக்கு வாங்கித் தந்த மாதிரி மெமரி உண்டா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நீ கோபித்துக்கொண்டு கிளம்பியிருப்பாய், அம்மா என்னைக் குறை சொல்லியிருப்பாள். இந்த வீட்டில் அது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

நான் எந்தக் கணக்கையும் இரண்டு தடவை ஓட்டுகிறவன். அதைச் சொல்லி நீங்கள் இருவரும் சிரித்திருக்கிறீர்கள், அப்பா கேஸ் அடுப்பை மூடிட்டுத் திரும்பிப் போய்ப் பார்க்கற மாதிரி, என்று. இந்த வருஷம் ஜூலைக் கடைசியில் ஒரு வேலை வந்தது. ஹவுரா பக்கம் பழைய சணல் ஆலை ஒன்றின் கிடங்கு, மூன்று மாடி, அதை மாணவர் விடுதியாக மாற்றுகிறார்கள். பூஜை விடுமுறை முடிந்ததும் நூற்று நாற்பது பிள்ளைகள் குடிவர வேண்டும். கட்டிடம் தாங்கும் என்று நான் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தடவை ஓட்டியதில் எல்லாத் தூண்களும் சரியாக இருந்தன. முப்பத்தேழாம் தூணுக்கு 0.93 வந்தது. தூணின் சக்தியில் எவ்வளவு பங்கைச் சுமை தின்கிறது என்று காட்டும் எண் அது; ஒன்றுக்குள் இருந்தால் நிற்கும், மிஞ்சினால் நிற்கும் என்று நான் எழுதித் தர முடியாது. வழக்கப்படி இரண்டாம் தடவை ஓட்டினேன். அதே கணக்கு, ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை, அதே தூணுக்கு 1.04 வந்தது. மூன்றாம் தடவையும் 1.04. முதல் ஓட்டம் பொய். பொய் என்று ஒரு எச்சரிக்கையும் திரையில் வரவில்லை, மற்ற எண்களோடு சேர்ந்து அதுவும் ஒழுங்காக அச்சாகி வந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் உன்னிடம், ஹாஸ்டல் வேலை ஒன்று வந்திருக்கிறது, இப்போதாவது சர்வர் பிராசஸருக்கு மாறிவிடலாமா, என்று கேட்டேன். காரணம் சொல்வதற்குள், ஏம்பா, ஒரு ஹாஸ்டலுக்கு டேட்டா சென்டரா, என்று சிரித்தாய். காரில் கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் முழுக்க மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன், சாயங்காலத்துக்குள் இரண்டு பிழை காட்டியது. அப்புறம் ஒவ்வொரு அமைப்பாகப் பார்த்துக்கொண்டே போனதில் கண்டுபிடித்தேன். மெமரியை அதன் இயல்பான வேகத்துக்கு மேல் ஓடவிடும் அமைப்பை நீ இயக்கிவிட்டுப் போயிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா திரை முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சீக்கிரம் முடியட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்திருப்பான் என்கிறாள் அம்மா. இருக்கலாம். நான் நல்ல எண்ணங்களை நிறையப் பார்த்தவன்.

உனக்குச் சாதகமானதையும் மறைக்காமல் எழுதுகிறேன். வேகத்தை இயல்புக்கு இறக்கிய பிறகு அதே கணக்கை இருபத்திரண்டு தடவை ஓட்டிவிட்டேன், எல்லாம் 1.04. ஆக, உன் டெஸ்க்டாப்பை ஒழுங்காக நடத்தினால் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அதோடு, வரைபடம் போடும்போதும் கட்டிட மாதிரியைத் திருத்தும்போதும் பிராசஸரின் பல கோர்களில் ஒன்றே ஒன்றுதான் உழைக்கிறது, அதில் சர்வர் வகை உன்னுடையதைவிட மந்தம். வெயில் காலத்தில் அது இந்தச் சின்ன அறையை அடுப்பாக்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதென்று நினைத்துத்தான் நீ பேசினாய், எனக்குத் தெரியும். மறுபக்கம், பெரிய கட்டிடத்தின் சமன்பாடுகளைத் தீர்க்கும்போது டெஸ்க்டாப்பில் இடம் போதாமல் பாதியை டிஸ்க்கில் கொட்டி அள்ளுகிறது. அதில் மெமரியைக் கூட்டினால் வேகம் குறைகிறது. சர்வர் வகையில் எட்டு மெமரிக் குச்சி போடலாம், மூச்சு வாங்காது. ஆனால் நான் முடிவெடுத்தது இடத்துக்காகவோ வேகத்துக்காகவோ இல்லை. அந்த மெமரியில் ஒரு பிழை நேர்ந்தால் அது திருத்திக்கொண்டு, இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் பிழை நேர்ந்தது என்று குறிப்பும் எழுதிவைக்கிறது. திருத்த முடியாவிட்டால் வேலையை நிறுத்திவிடுகிறது. அது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததற்குக் காரணம் நான்.

அலிப்பூர் ஆபீஸை நான் விட்டபோது உனக்கு ஒன்பது வயது. கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தோம், உன் பள்ளிக்கூடம் மாறியது, உன் சிநேகிதர்கள் போனார்கள். அப்பாவோட ரோஷத்துக்கு நாங்க விலை குடுத்தோம் என்று நீ ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னதை ஜெய்ராம் மாமா என்னிடம் கொண்டுவந்து சேர்த்தான். உன் அம்மாவின் தம்பிக்கு எதைச் சுமந்து வரவேண்டும் என்று தெரியும். என்னைத் தாண்டி, கூட வேலை பார்த்த மஹாதேவனுக்குப் பதவி கொடுத்தார்கள், அதனால் வெளியே வந்தேன் என்றுதான் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். பதவி கொடுத்தது நிஜம். அதற்கு எட்டு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை. எங்கள் தாளின் அடியில் கட்டங்கள் இருக்கும், கணக்கிட்டவர், சரிபார்த்தவர் என்று. ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் அவர் தாளைப் பார்க்காமல் முதலிலிருந்து போட்டு ஒப்பிட வேண்டும், இரண்டாவது கை என்போம், அதன் பிறகுதான் இருவரும் கையெழுத்திடுவது. ஒரு சரக்குக் கிடங்கின் கூரைக்கு நான் கணக்குப் போட்டேன். மஹாதேவன் இரண்டாவது கை. மழைக்கு முன்னால் கூரை ஏற வேண்டும் என்று கம்பெனி நெருக்கியது. மஹாதேவன் என் மேஜைக்கு வந்து, நீ போட்டா தப்பு வருமா, ஒரு தடவை போட்டது போறும், கையெழுத்துப் போடு, என்று சொல்லித் தன் கட்டத்தில் தானும் போட்டான். நானும் போட்டேன். தாள் மாற்றி எழுதும்போது காற்றுச் சுமையில் ஒரு வரியை நான் விட்டுவிட்டிருந்தேன். கோடையில் வரும் வைசாகப் புயல் ஒன்றில் கூரையின் ஒரு மூலை இறங்கியது. ஹரிபதோ என்ற காவலாளியின் கால் அதில் மாட்டிக்கொண்டது. ஆள் பிழைத்தான், கால் நிமிரவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மஹாதேவனுக்கு வரவில்லை. அவன் மாமனார் யார் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வாள். அவனை நான் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. ஆனால் விட்டுப்போன வரி என் கையெழுத்தில்தான் இருந்தது. பத்தொன்பது வருஷமாக அதை மஹாதேவன் கதையாகவே எனக்கும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். ஹரிபதோவின் தெருமுனை வரை மூன்று தடவை போயிருக்கிறேன், வீட்டு வாசலுக்குப் போனதில்லை. போன வருஷம் நீ இந்த அறையில் நின்று, உங்களுக்கு இது போறும், என்றபோது எனக்குக் கேட்டது உன் குரல் இல்லை. உனக்கு அது தெரிய நியாயமில்லை. நியாயமில்லை என்று தெரிந்தே பதினான்கு மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன்.

போன வியாழக்கிழமை ஒர்க்ஸ்டேஷன் வந்துவிட்டது. மூடிப்போன கார்ட்டூன் ஸ்டூடியோ ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த மிஷின், போன தலைமுறைச் சர்வர் பிராசஸர், எட்டுக் குச்சியும் பிழை திருத்துகிற மெமரி. சாந்தினியில் விற்ற பிஸ்வாஸ் என்னைப் பார்த்து, காகு இந்த வயதில் கேம் விளையாடப் போகிறாரா என்று கேட்டான். சிரிக்கச் சொன்ன மாதிரி இருந்தது, சிரித்தேன். வந்ததும் விடுதிக் கணக்கை அதில் ஓட்டினேன், 1.04. பிழைக் குறிப்பேடு காலியாக இருக்கிறது. ஆலை முதலாளிக்கு எழுதிவிட்டேன், முப்பத்தேழாம் தூணைச் சுற்றி இரும்புச் சட்டம் போட்டுக் கான்கிரீட் கட்டும்வரை சான்றிதழ் கிடையாது என்று. அவர் போனில், பூஜோவுக்கு அப்புறம் செய்துகொள்ளலாம், இப்போதைக்குக் கையெழுத்துப் போடுங்கள் தாதா, இவ்வளவு நாள் நிற்கவில்லையா, என்றார். மறுத்துவிட்டேன். வேறு இன்ஜினியரைப் பார்ப்பார். அந்த இன்ஜினியர் ஒரு தடவைதான் ஓட்டுவான். அதனால் கணக்கின் நகலை விடுதி நடத்தப் போகிறவர்களுக்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இதோடு அந்தப் பக்கத்து வேலைகள் எனக்கு வராது.

உன் டெஸ்க்டாப்பை விற்கச் சொல்வாய் அல்லது தத்தா காகுவின் பேரனுக்குக் கொடுக்கச் சொல்வாய். கொடுக்கப் போவதில்லை. அதை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன். இனி எந்த வேலையும் முதலில் ஒர்க்ஸ்டேஷனில், அப்புறம் உன்னுடையதில். வேறு பிராசஸர், வேறு மெமரி, ஒன்று போட்டதை மற்றது பார்த்திராது. இரண்டும் ஒத்துப்போனால்தான் என் கையெழுத்து. கடைசித் தசமங்களில் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கின்றன, அது இயல்பு. வண்ண விளக்கை அணைக்கத் தெரியவில்லை, எப்படி என்று எழுது.

நன்றாக இரு. குளிர் வருவதற்குள் உன் காருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிடு, ஓட்டும்போது யாரோடும் போனில் பேசாதே, என்னோடும்தான். உங்கள் டேட்டா சென்டரில் ஒரு மெமரி பிழைக் குறிப்பு எழுதினால் அதை உடனே மாற்றுவீர்களா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று விடுவீர்களா, தெரிந்துகொள்ள ஆசை. சகல சௌபாக்கியத்தோடு நெடுங்காலம் இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லச் சொன்னாள், நானும் அதையே சொல்கிறேன்.

இப்படிக்கு என்று எழுதும் முன் இந்தத் தாள்களை அம்மாவிடம் கொடுத்தேன், படித்துப் பார், நான் விட்டதும் கூட்டியதும் உனக்குத் தெரியும், என்று. உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் ரெஃப்ரி இல்லை என்று காப்பி டம்ளரை அதன்மேல் வைத்துவிட்டாள், வட்டம் முதல் பக்கத்தில் இருக்கிறது பார். இதில் உனக்கே தெரியாத ஒன்று இருக்கிறது என்றேன். பத்தொம்பது வருஷமாத் தெரியாதது இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரியணுமா, முதல்ல அவன் படிக்கட்டும், அவன் எனக்குச் சொல்லுவான், என்று உள்ளே போய்விட்டாள். நான் எத்தனை வருஷம் என்று அவளிடம் சொல்லவே இல்லை. தாள்களை மடித்தேன். அனுப்புகிறவர் பெயரும் விலாசமும் இல்லாமல் தபாலாபீஸில் வாங்கமாட்டார்கள், அவை உறையின் பின்னால் இருக்கும். உள்ளே கணக்கிட்டவன் நான், சரிபார்த்தவர் கட்டம் காலி. அந்தக் கட்டம் காலியாக இருக்கும் எந்தத் தாளிலும் இனி நான் கையெழுத்துப் போடுவதில்லை. நாளைக் காலை கையெழுத்தில்லாமல் இப்படியே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.