வடாலா குடோனில் ஒரு டகோடா

தாராவி, மும்பை
நவம்பர் கடைசி, ஞாயிறு

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் உனக்கு ட்யூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, இல்லாவிட்டால் படம் நின்றுபோய் உன் வாய் திறந்தபடியே இருக்கிறது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது, ஆனால் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும். எழுத்தைப் பெரிதாகவே எழுதுகிறேன், தமிழ் வாசித்து நாளாயிற்று என்று மூடி வைத்துவிடாதே, எழுத்துக் கூட்டியாவது முழுக்கப் படி.

பிரசவத்துக்கு வந்து ஆறு மாதம் இரும்மா என்று நீ ஆவணியில் கேட்டாய். நான் முதலில் முழங்கால் என்றேன், பிறகு தாராவியை இடித்துக் கட்டப்போகிறோம் என்று வீடு கணக்கெடுக்க ஆட்கள் வருகிற சமயம், பூட்டிக் கிடந்தால் என்ன எழுதுவார்களோ என்றேன், கடைசியில் ஏரோப்ளேன் என்றாலே பயம் என்றேன். எல்லாமே உண்மைதான். நீ கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரம் எப்படிப் போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். உன் அப்பா போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் போடுகிற கொஞ்சம் அரிசிக்குக் குக்கர் விசில்கூட அடிக்க மாட்டேன் என்கிறது. தையல் கார்கானாவுக்குப் போய்விட்டால் மெஷின் சத்தத்தில் பொழுது போய்விடும், திரும்பி வந்து பூட்டைத் திறக்கிற நேரம்தான் கஷ்டம். அந்த வாரத்தில்தான் கார்கானா நடத்துகிற நம் ஜெயினுலாப்தீன் பாய் ஒரு நாள் மெஷினை நிறுத்தச் சொல்லி, "யக்கா, நாம டாக்ஸி சீட்டு, பஸ் சீட்டு எல்லாம் தச்சாச்சு. இப்ப ஏரோப்ளேன் சீட்டு வந்திருக்கு, தைப்பியளா?" என்று கேட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, "பறக்கணும்னா நீரே போய்த் தச்சிக்கிடும் பாய்" என்றேன். விளையாட்டு இல்லை. ஏதோ ஒரு வெப் சீரியலாம், பழைய காலத்துக் கதை. வடாலாவில் ஒரு காலி குடோனில் ப்ளைவுட்டும் தகரமும் வைத்து டகோடா என்கிற பழைய விமானத்தின் உள்பக்கத்தை மட்டும் கட்டுகிறார்கள், அதற்குச் சீட்டும் திரையும் நாம் தைக்க வேண்டும் என்றார்.

செட் போடுகிற வேலையைப் பார்த்தது ஹரிதா என்று ஒரு பெண், செம்பூரில் வளர்ந்தவள், உன்னை விடச் சின்னவள். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள், ஆனால் நல்ல பிள்ளை, என்னைத் தரையில் உட்கார விடமாட்டாள். விமானத்தைப் பற்றி யோசனை சொல்ல அவள் ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தாள். பஞ்சாபகேசன் என்று பெயர், மாட்டுங்காக்காரர், சாந்தாக்ரூஸ் ஏர்போர்ட்டில் விமானங்களைப் பழுது பார்க்கிற இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார், பையன் டெக்ஸாஸில். வெள்ளைச் சட்டையும் பளபளக்கத் துடைத்த ஷூவுமாக வந்து, குடோன் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். வந்த முதல் நாளே தச்சர்களிடம் சண்டை. தரையை மட்டமாகப் போட்டுவிட்டார்களாம். "டகோடான்னா வால் பக்கம் தாழ்ந்து நிக்கும்யா. பின்னாடி வாசல்ல ஏறி முன்னாடி சீட்டுக்குப் போறச்சே மலை ஏறறாப்பல இருக்கும். தரையில நிக்கற வரைக்கும் எல்லாரும் மல்லாந்துதான் உக்காந்திருப்பா" என்றார். காமெராவில் கோணலாகத் தெரியும் என்றாள் ஹரிதா. கோணலாகத்தான் இருந்தது என்றார் அவர். கடைசியில் ஒரு காட்சிக்கு மட்டும் முன்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்துத் தூக்கினார்கள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

எனக்கு முதலில் வந்த வேலை கேன்வாஸ் பெஞ்சு. பட்டாளக்காரர்கள் இரண்டு பக்கமும் சுவரோரம் ஒருவரை ஒருவர் பார்த்து உட்கார்ந்து போவார்களாம். அதைத் தைத்து மாட்டிய பிறகு அதையே கழற்றிவிட்டு மெத்தை வைத்த நீலச் சீட்டு கேட்டார்கள். ஒரே விமானத்துக்கு எதற்கு இரண்டு என்று பஞ்சாபகேசன் சாரிடம் கேட்டேன். அப்போதுதான் சொன்னார், டகோடா முதலில் ஜனங்கள் பிரயாணம் போவதற்காகச் செய்ததாம். உலகச் சண்டை வந்ததும் பட்டாளத்துக்கென்று ஆயிரக்கணக்கில் செய்தார்கள், சண்டை முடிந்ததும் மிச்சம் நின்றதை நம் ஊர்க் கம்பெனிகள் வாங்கி, பெஞ்சைக் கழற்றிச் சீட்டு போட்டு ஓட்டின. சுதந்திரம் வந்த வருஷம் காஷ்மீரில் சண்டை என்றதும் அந்தச் சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, கம்பெனி விமானங்களிலேயே சிப்பாய்களை ஏற்றிக் கொண்டுபோய் ஸ்ரீநகரில் இறக்கினார்களாம். சீட்டுத் தைக்கிறவளுக்கு இது நன்றாகவே புரிந்தது, உடம்பு ஒன்றுதான், உறைதான் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. பிறகு தினமும் சாயங்காலம் டீ வந்ததும் ஒவ்வொன்றாகச் சொல்வார். மூன்று வால் வைத்துக் கடல் தாண்டிப் போன சூப்பர் கான்ஸ்டலேஷன், வால் பக்கமே படி இறங்குகிற காரவெல். அவருக்குப் பிடித்தது வைக்கௌண்ட். நாலு என்ஜின், ஆனால் ஆட்டமே இருக்காதாம், மேஜையில் நாலணாவை நிமிர்த்தி வைத்தால் விழாது என்பார். ஜன்னல் முட்டை வடிவத்தில் அத்தனை பெரிதாம். நான் பாதியைக் கேட்பேன், பாதியில் உன் ஞாபகம் வந்துவிடும். அவருக்கும் நான் கேட்கிறேனா இல்லையா என்பது பெரிதில்லை என்று தோன்றியது. எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் போதும்.

டகோடா காட்சிகள் முடிந்து ஜன்னலையெல்லாம் மாற்றி வைக்கௌண்ட் ஆக்குகிற வேலை தொடங்கியபோதுதான் அது நடந்தது. திரைத் துணி என்ன நிறம் என்று கேட்டதற்கு அவர் பச்சை என்றார், இலைப் பச்சை, கண்ணை மூடினால் தெரிகிறது என்றார். ஹரிதா போனில் அந்தக் காலத்துக் கலர் விளம்பரம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினாள். சந்தன நிறத் துணி, ஓரத்தில் மெலிசாக நீலக் கோடு. பச்சை எங்கேயும் இல்லை. அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஹரிதா அழுகிற மாதிரி ஆகிவிட்டாள், "ஆண்டி, நீங்க போய்ப் பாருங்க, என்னைப் பார்த்தா ஔர் பீ, இன்னும் கோபம் வரும்" என்றாள்.

மாட்டுங்காவில் கோயில் தெருவுக்குப் பின்னால் பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவரே கதவைத் திறந்தார், அன்றைக்கு ஷேவ்கூடப் பண்ணவில்லை. ஹால் சுவரில் அவர் மனைவி ஷ்யாமளா மாமி படம். காப்பி போட்டுத் தருகிறேன் என்று உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை, எட்டிப் பார்த்தால் சர்க்கரை டப்பா எது என்று தேடிக்கொண்டிருந்தார். நானே போட்டேன். "எனக்குக் கோபம் இல்லேம்மா, பயம். விமானத்தைப் பத்தி ஒண்ணு சொல்லி அது தப்பாப் போனது இதுதான் முதல் தடவை. வேற என்னெல்லாம் தப்பா வச்சிண்டிருக்கேனோ" என்றார். காப்பியைக் கையில் கொடுத்தேன். அவராகவே சொன்னார். கல்யாணமான புதிதில் மெட்ராஸுக்கு வைக்கௌண்டில் மாமியைக் கூட்டிப்போக ஸ்டாஃப் டிக்கெட் எடுத்தாராம். ஸ்டாஃப் என்றால் சீட்டு மிச்சம் இருந்தால்தான். இருவரும் ஏறி உட்கார்ந்தாயிற்று, மாமி ஜன்னலோரம். கதவு மூடுவதற்கு முன்னால் முழுக் காசு கொடுத்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள், இவர்களை இறக்கிவிட்டார்கள். "அவ கோச்சுக்கலே. பஸ் ஸ்டாப்புல நின்னுண்டு, அழகா இருந்ததுன்னா, உள்ள எல்லாம் அழகா இருந்ததுன்னு. அப்புறம் பிள்ளை பொறந்தான், அவளுக்கு ஆஸ்துமா வந்தது, போகவே முடியலே" என்றார். படத்தைக் காட்டி, "பச்சை அவ புடவைம்மா. பச்சைப் பட்டு கட்டிண்டிருந்தா" என்றார். மாரி, அந்த மனுஷன் அப்போது சிரித்தார்.

மறுநாள் குடோனுக்கு வந்துவிட்டார். நான் ஹரிதாவிடம் புடவை விஷயத்தைத் தனியாகச் சொன்னேன். "கடைசி ஜன்னல் காமெராவுல வராது ஆண்டி. அதுக்கு மட்டும் பச்சை தைங்க, நான் பார்க்கலே" என்றாள். பாயிடம் சொன்னால் அவரே மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்குப் போய் இலைப் பச்சையில் துணி எடுத்து வந்தார். கடைசி நாள் ஷூட்டிங்கில் பிரயாணிகளாக உட்கார ஆள் போதவில்லை, வயதானவர்கள் வேண்டும் என்று என்னையும் சாரையும் பின்னால் உட்கார வைத்தார்கள். எனக்கு வேறு ஒரு புடவையைக் கட்டிக் கொண்டையில் பூ வைத்துவிட்டார்கள், உன் அப்பா பார்த்திருந்தால் கேலி செய்தே கொன்றிருப்பார். சார் அந்தத் திரையைப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவினார். "மடிப்பு ஒண்ணு கூடுதலா வச்சிருக்கே" என்று மட்டும் சொன்னார். என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னார். டைரக்டர் இந்தியில், எல்லோரும் பிறந்த ஊரை விட்டுப் போகிறீர்கள், கீழே ஊர் சின்னதாகிறது, அதைப் பாருங்கள் என்றார். வெளியே வானம் வரைந்த துணியை இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள், கீழே நான்கு பேர் பலகையை ஆட்டினார்கள். பொய் என்று தெரியும், நான் தைத்த சீட்டு, ப்ளைவுட் வாசனைகூடப் போகவில்லை, இருந்தும் சார் கையைப் பிடித்துக்கொண்டேன். "டேக்-ஆஃப் ஆறது, அவ்ளோதான். மேல போனா சரியாயிடும்" என்றார் அவர், நிஜமாகவே பறப்பது மாதிரி. நான் ஊரைப் பார்க்கவில்லை மாரி, நீ இதில் எப்படித் தனியாகப் போனாய் என்று நினைத்தேன். முதல் தடவையே சரியாக வந்துவிட்டது என்று அந்த ஷாட்டை அவர்கள் திரும்ப எடுக்கவில்லை.

ஷூட்டிங் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போதுதான் அவர் சொன்னார், பையன் கோயம்புத்தூரில் முதியோர் வீடு ஒன்றில் இடம் பிடித்துவிட்டான், வெள்ளிக்கிழமை ஃப்ளைட் என்று. யாரும் வழியனுப்ப வேண்டாம் என்றார். பாய் கேட்கவில்லை, டாக்ஸி பிடித்து என்னையும் கூட்டிக்கொண்டு மாட்டுங்கா போய்விட்டார். ஒரு பெட்டி, ஒரு பை, மாமி படம். சாந்தாக்ரூஸில் கண்ணாடி வாசலுக்கு இந்தப் பக்கமே எங்களை நிறுத்திவிட்டார்கள். வேலை பார்த்த நாளெல்லாம் அதே ஏர்போர்ட்டுக்குள் போய் வந்த மனுஷனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, தள்ளுகிற பையன் போனில் பேசிக்கொண்டே தள்ளிப் போனான். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றோம். பார்க்கவில்லை. பாய் போகலாம் என்றார், நான் "நீர் போம், பிறகு வாரேன்" என்று சொல்லி வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். விமானம் ஒவ்வொன்றாக மேலே போயிற்று, எதில் அவர் இருக்கிறார் என்று யாருக்குத் தெரியும். நீ அயர்லாந்துக்குப் போன அன்றைக்கு சகார் ஏர்போர்ட் வாசலில் நீ மூன்று தடவை திரும்பிப் பார்த்தாய். அப்பா கையாட்டிக்கொண்டிருந்தார், அம்மா எங்கே என்று நீ தேடினாய். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்தால் நீ போகமாட்டாய் என்று இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை. கூட்டத்தில் தெரியவில்லை என்று அப்பா சொன்னதையே நீயும் நம்பிக்கொண்டாய்.

சார் போன மறுநாளே குடோனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ப்ளைவுட்டைத் தச்சர்களும், ஃபோமையும் துணியையும் பழைய சாமான் வாங்குகிற பங்காரிக்காரர்களும் கொண்டுபோனார்கள். பச்சைத் திரையைக் கழற்றப் போனபோது அது ஏற்கனவே இல்லை, யார் எடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நேற்று அவர் போன் பண்ணினார். சாப்பாடு பரவாயில்லை, பேசத்தான் ஆள் இல்லை, எல்லோரும் டிவி பார்க்கிறார்கள் என்றார். பிறகு, "நம்ம வைக்கௌண்ட் அப்படியே இருக்கா?" என்று கேட்டார். இருக்கு சார் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இன்னும் பயம்தான் மாரி, அதை மறைக்கவில்லை. ஆனால் பயத்தோடு இங்கே உட்கார்ந்திருப்பதை விடப் பயத்தோடு உன்னிடம் வந்து சேர்வது மேல் என்று ஆகிவிட்டது. மாப்பிள்ளையிடம் சொல்லி விசாவுக்கு என்ன வேண்டுமோ அனுப்பச் சொல். வீட்டுச் சாவி பாயிடம் இருக்கும், கணக்கெடுக்க வந்தால் அவர் வீட்டுக்காரம்மா திறந்து காட்டுவாள், அவளே சொன்னாள். ஆறு மாதம் முடிந்தால் என்னைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே, எனக்கு என் மெஷின் வேண்டும். வரும்போது நீ ஏர்போர்ட்டுக்கு வந்து வெளியே நிற்க வேண்டும், பிள்ளைத்தாய்ச்சி என்று மாப்பிள்ளையை மட்டும் அனுப்பிவிடாதே. வாசலில் முதலில் உன் முகம் எனக்குத் தெரிய வேண்டும்.

நீ நோயில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், பிள்ளை சுகமாக வெளியே வர வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் மறக்காமல் போடு, நர்ஸாக இருந்துகொண்டு அடுத்தவருக்கு மட்டும் சொல்லாதே. நைட் ட்யூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாயா, இல்லையா, அதற்கு மட்டும் உடனே பதில் போடு.

உன் வரவுக்குப் பதிலாகத் தானே புறப்பட்டு வரும்
அம்மா ஆறுமுகத்தாய்