பம்ப் நன்றாகத்தான் இருந்தது

சீ, என்ன நாற்றமடா இது! சோப்பு போட்டாயிற்று, புளி போட்டுத் தேய்த்தாயிற்று, சீயக்காய் வரை பார்த்தாயிற்று. ஊசிப்போன பெட்ரோல் வாடை கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் குமட்டுகிறது. தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். இந்த வாடையைப் பற்றிப் பேச இந்தச் சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

உன் ஜீப்பின் பெட்ரோல் டேங்கை இன்று காலை இறக்கினேன்.

கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த புதிதில் வந்த வண்டி அது. சாயம் போட்ட பட்டு நூலை ஊர் ஊராக நெசவாளர் வீடுகளுக்குக் கொண்டுபோகத்தான் வாங்கியதாக வீட்டில் சொன்னாய். நிஜக் காரணம் எனக்குத் தெரியும். நூலை இறக்கியதும் திருமுக்கூடல் பக்கம் வண்டியை ஆற்று மணலில் இறக்கி, நாலு சக்கரமும் இழுக்க, நீ போடும் கூச்சலுக்காகத்தான் நானும் பேட்டரிக் கடையைச் சாத்திவிட்டு வந்தேன்.

போன கோடையில் உனக்கு முதல் தடவை மார் வலி வந்து போனது. கொஞ்ச நாளிலேயே வண்டிக்கும் கோளாறு தொடங்கியது. நன்றாக ஸ்டார்ட் ஆகும், ஓடும், பிறகு இழுவை குறைந்து இருமி இருமி நின்றுபோகும். சற்று நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி எடுக்கும். அந்த பைபாஸ் ரோட்டு மெக்கானிக் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. வெற்றிலைச் சாற்றை நம் காலடியிலேயே துப்பிவிட்டு, "பம்ப் போச்சு சார், மாத்திடலாம்" என்றான்.

"அளந்து பாத்தியாபா?" என்று கேட்டாய்.

"இதுல அளக்க இன்னா சார் இருக்குது? எல்லா வண்டிக்கும் இதான்."

நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாய். "அளக்காம சொல்றவன் மெக்கானிக் இல்லடா, ஜோசியன்" என்று வழியெல்லாம் பொருமினாய். அன்றிலிருந்து நாமே இறங்கினோம். சாவியைத் திருப்பச் சொல்லி நீ டேங்கில் காதை வைத்து, உள்ளே பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் பம்பின் முனகலைக் கேட்பாய். ஃபியூஸ், ரிலே, எர்த் வயர் எல்லாவற்றையும் என் மீட்டரில் பார்த்தோம். புது ஃபில்டர் போட்டோம். காற்றடைப்போ என்று டேங்க் மூடியைத் தளர்த்தியும் ஓட்டினோம். கடைசியில் பிரஷர் மீட்டரைப் பெட்ரோல் குழாயில் மாட்டி, கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைப்பரில் கட்டிக்கொண்டு திருப்புட்குழி வரை போனோமே, ரோட்டில் போனவனெல்லாம் நம்மைப் பார்த்துச் சிரித்தான். முள் மெல்ல இறங்கியது, வண்டி நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் முள் பழைய இடத்துக்கே ஏறியது.

"பம்ப் சத்தம் மாறல, கரண்டும் ஒரே மாதிரிதான் இழுக்குது. பெட்ரோல்தான் வரல. அப்போ பம்போட வாயிலதாண்டா அடைப்பு. ஓடும்போது வந்து ஒட்டிக்குது, நின்னா விட்டுடுது. உள்ள இன்னாவோ மிதந்துக்கினு இருக்குது. ஞாயித்துக்கிழமை டேங்க இறக்கிடலாம்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உனக்கு மறுபடி மார் வலி வந்துவிட்டது. நான் ஓட்டினேன், பின் சீட்டில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உன் மனைவி. ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் அந்தச் சனியன் இருமி நின்றது. வேர்த்துக் கொட்டுகிற அந்த நிலையிலும் நீ, "சும்மா சும்மா ஸ்டார்ட் அடிக்காதடா, கொஞ்சம் விடு, அதுவா எடுக்கும்" என்றாய். எங்கே விடுவது? ஒரு லோடு ஆட்டோவை மறித்து உன்னை ஏற்றினோம். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா ஊருக்கு? காரியத்தன்று இலையில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டே, "பம்ப மாத்தியிருந்தா மனுசன் பொழைச்சிருப்பான், கஞ்சன்" என்றார்கள். அந்த மெக்கானிக்கும் வந்திருந்தான். அதே சிவந்த வாயோடு, "நான் அப்பவே சொன்னேன்" என்று பந்தியெல்லாம் பரிமாறினான். பாயசத்தைத் தொடாமலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன். த்தூ, இவர்களும் மனிதர்களா!

நேற்று உன் மனைவி வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடப் போவதாகச் சொன்னாள். ஒரு நாள் பொறும்மா என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். டேங்குக்குள் இருப்பதை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொருவன் மூக்குக்கு நேராகவும் நீட்ட வேண்டும், உன் பேரைக் காப்பாற்ற வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

உங்கள் வாசலிலேயே டேங்கை இறக்கிப் பம்பை வெளியே எடுத்தேன். அதன் வாயிலிருக்கும் வலைப்பையைச் சுற்றி மஞ்சள் பட்டுத் துணி ஒன்று பிசினும் அழுக்குமாய், செத்த எலித்தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. உரித்துவிட்டு, பம்பைத் தள்ளி வைத்துத் துடைத்து என் பேட்டரியில் ஒரு நொடி தொட்டேன். அதே முனகல். "ஜெயிச்சுட்டடா!" என்று வாய்விட்டே கத்தினேன். பிறகுதான் துணியின் மூலையில் ஒரு முடிச்சைப் பார்த்தேன்.

காபியோடு வந்த உன் மனைவி, "அண்ணா, உள்ள ஒரு மஞ்சள் முடிச்சு இருந்துச்சா?" என்றாள்.

"என்ன முடிச்சும்மா?"

"புதுப் பாவு ஏத்தும்போது தறிக்குழியில நம்ம வீட்ல முடிச்சு வெப்போம்ல, அது மாதிரி. மொத தபா நெஞ்சு வலி வந்தப்போ கோயில்ல குடுத்த துணியில வேண்டிக்கினு முடிஞ்சேன். கண்ணாடியில கட்டினா இவர் பிச்சு எறிஞ்சிடுவாரு. அதான் வண்டி வயித்துக்குள்ளயே போட்டேன், எங்க போனாலும் கூடவே இருக்கட்டும்னு. இருந்தா குடுங்கண்ணா, பழைய இரும்போட போகக் கூடாது."

கையிலிருந்த துணியின் மேல் விரல்களை மூடிக்கொண்டேன். பெட்ரோல் மணிக்கட்டு வழியே முழங்கைக்கு வழிந்தது.

"காணோம்மா. மக்கிப் போயிருக்கும்."

"அப்போ வண்டி ஏண்ணா நின்னுச்சு?"

"பம்ப் போச்சும்மா."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதான். மாத்துங்க மாத்துங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாரா இந்த மனுசன்?"

அளக்காமல் சொல்கிறவன் ஜோசியன் என்றாய். அளந்து பார்த்துவிட்டுப் பொய் சொன்னவனுக்கு என்னடா பேர்? என் வாயே எனக்கு நாறுகிறது. முடிச்சு என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. எறியவும் கை வரவில்லை, இருக்கும்வரை இந்த வாடையும் போகப்போவதில்லை. நாளைக்கும் எவனாவது என் கடை வாசலில் நின்று, பிடிவாதத்தால் செத்தான் என்று உன்னைச் சொல்வான். நானும் தலையாட்டுவேன்.